ஒரு பூனை, இரண்டு வால்டர்கள்

ஒரு பறவைக்காக இரண்டு பெரிய மனிதர்கள் முட்டிக்கொண்டார்கள். அந்தப் பறவையை இருவருமே உயிரோடு பார்த்ததில்லை. உயிரோடு பார்த்து, கூடவே ருசியும் பார்த்தது ஒரு பூனை. மூன்று தரப்பிலும் அதிகம் உழைத்தது அதுதான். ஆனால் சரித்திரத்தில் பூனைக்கு வில்லன் வேஷத்தைக் கொடுத்துவிட்டு, பெரிய மனிதர்கள் இருவரும் அறிஞர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

நியூசிலாந்தின் வடதீவுக்கும் தென்தீவுக்கும் நடுவே குக் நீரிணை இருக்கிறது. காற்று அடித்தால் கப்பலைத் தூக்கிப் பாறையில் வைக்கிற கடல். அதன் ஓரத்தில் செங்குத்தான பாறைகளோடு ஒன்றரை சதுர கிலோமீட்டருக்கு ஒரு துண்டு நிலம். மாவோரி மக்கள் அதை டக்கபோரேவா என்றார்கள். 1770-இல் அந்தப் பக்கம் கப்பல் ஓட்டிக்கொண்டு போன கேப்டன் குக், லண்டனில் கடற்படை அலுவலகச் செயலாளராக இருந்த பிலிப் ஸ்டீபன்ஸின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார். மேலதிகாரியைக் குளிரவைக்கத் தீவு ஒன்று போதும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஸ்டீபன்ஸ் தீவை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1894 ஜனவரியில்தான் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். காவலர்கள் மூன்று பேர், அவர்களுடைய குடும்பங்கள், ஆடு மாடு, பாத்திரம் பண்டம் எல்லாம் வந்து இறங்கின. அந்தச் சாமான்களோடு ஒரு பூனையும் இறங்கியது. சினைப்பூனை.

‘டிபிள்ஸ்’ என்று அதற்கு ஒரு பெயர் சொல்வார்கள். பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தக் காலத்துக் கடிதங்களில் பெயர் கிடையாது. பூனை என்றால் பூனை. அரசாங்கச் சம்பளப் பட்டியலிலும் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் வந்த சில மாதங்களில் அது செய்த களப்பணியை அந்த நாட்டின் எந்த விஞ்ஞானியும் அதுவரை செய்திருக்கவில்லை.

பூனைக்குப் போட்டியாளர் யாரும் இல்லை. எலிகூட இல்லாத தீவு. இந்த எலி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாறை இடுக்கில் வாழ்கிற ஒரு சின்னக் குருவி ஒரு காலத்தில் நியூசிலாந்தின் இரண்டு பெரிய தீவுகளிலும் இருந்திருக்கிறது. குகைகளில் அதன் எலும்புகள் கிடைக்கின்றன. பல நூறு வருஷங்களுக்கு முன் பாலினேசியர்களின் படகில் எலிகள் வந்து இறங்கின. அவை பெரிய நிலத்திலிருந்த குருவிகளைக் காலி செய்துவிட்டன. எலி எட்டாத இந்த ஒரு தீவில் மட்டும் மிச்சம் பிழைத்துக் கிடந்தது.

குருவி என்றால் உள்ளங்கையில் அடங்கும். பழுப்புப் பச்சை உடம்பு. இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் செதில் செதிலாகத் தெரியும். கண்ணுக்கு மேலே மெல்லிய மஞ்சள் கோடு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு முளை. இறக்கை சும்மா அழகுக்கு, பறக்க வராது. உலகத்தில் பறக்கத் தெரியாத குருவி வகை மிகமிகக் குறைவு, அதில் இது ஒன்று. பகலில் பொந்தில் தூங்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து பாறைகளுக்கு நடுவே எலி மாதிரி ஓடும்.

இரவில், தரையில், எலி மாதிரி ஓடும் ஒரு ஜீவன். எதிரே வயிறும் பிள்ளையுமாக ஒரு பூனை. இனி நான் சொல்ல என்ன இருக்கிறது?

உதவிக் காவலர்களில் ஒருவர் டேவிட் லயால். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற நேரம் போக மீதி நேரம் இயற்கையை ரசிக்கிற மனிதர். பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது வேட்டையாடினால் சத்தம் போடாமல் தின்றுவிட்டுப் போகாது. கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டு, பாராட்டு வருகிறதா என்று முகத்தைப் பார்க்கும். அப்படி வந்து விழுந்த ஒன்றை லயால் தூக்கிப் பார்த்தார். இதுவரை பார்த்த பறவை எதையும் போல இல்லை. இன்னொருவராக இருந்தால் வாலைப் பிடித்துக் கடலில் வீசியிருப்பார். லயால் தோலை உரித்துப் பாடம் செய்து வைத்தார். மறுபடி ஒன்று வந்தது. அதையும் பாடம் செய்தார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அந்தப் பதவிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். பூனை கொல்லும், இவர் உரிப்பார், தொழில் நன்றாக நடந்தது.

லயாலே அந்தக் குருவியை உயிரோடு பார்த்தது இரண்டே தடவை. பாறை இடுக்கிலிருந்து கலைந்து ஓடியதைப் பார்த்திருக்கிறார். ஆக, இந்தப் பறவையின் வாழ்க்கை முறை பற்றி மனிதகுலத்துக்குத் தெரிந்தது அத்தனையும் ஓர் உதவிக் காவலர் இரண்டு முறை ஓரக்கண்ணால் பார்த்த அளவுதான். மீதியெல்லாம் பூனைக்குத்தான் தெரியும், அது எழுதி வைக்கவில்லை.

தீவுக்குச் சாமான் கொண்டுவரும் அரசுக் கப்பல் ‘ஹினெமோவா’. அதில் பெத்யூன் என்று ஓர் எஞ்சினியர். லயால் அவரிடம் ஒரு குருவியைக் கொடுத்தார். பெத்யூன் அதை வெலிங்டனில் சர் வால்டர் புல்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இங்கேதான் முதலாவது வால்டர் வருகிறார்.

புல்லர் நியூசிலாந்திலேயே பிறந்தவர், பாதிரியார் மகன். மாஜிஸ்திரேட்டாக இருந்து, பிறகு வக்கீலாகி, மாவோரி நில வழக்குகளில் நன்றாகச் சம்பாதித்தவர். 1873-இல் நியூசிலாந்துப் பறவைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். 1888-இல் அதன் இரண்டாம் பதிப்பு. அந்த நாட்டுப் பறவை என்றால் புல்லர், புல்லர் என்றால் பறவை. பறவைகள் மேல் அவருக்கு இருந்த அன்பு கொஞ்சம் விசேஷமானது. வெள்ளைக்காரன் வந்துவிட்டான், இனி இந்த நாட்டுப் பறவைகள் அழியத்தான் போகின்றன என்று உறுதியாக நம்பினார். அழிகிற பொருளை என்ன செய்வது? அழிவதற்குள் சுட்டுப் பாடம் செய்து பெட்டியில் வைத்துவிடலாம். நோயாளி எப்படியும் பிழைக்கமாட்டான் என்று வைத்தியரே தலையணையை எடுத்து முகத்தில் அமுக்குவது போன்ற சிந்தனை. அன்றைய கனவான்களிடையே இதற்குப் பெயர் அறிவியல் தொண்டு.

இரண்டாவது வால்டர் லண்டனில் இருந்தார். வால்டர் ரோத்ஸ்சைல்டு. ஐரோப்பாவுக்கே வட்டிக்குக் கொடுத்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. அப்பா அவரை பேங்கில் உட்கார வைத்தார். பிள்ளையின் மனசோ பட்டாம்பூச்சி பின்னால் போயிருந்தது. இருபத்தோராவது பிறந்தநாளுக்கு மற்ற வீட்டில் கைக்கடிகாரம் கொடுப்பார்கள். இவருக்கு ட்ரிங் என்ற ஊரில் ஒரு மியூசியமே கட்டிக்கொடுத்தார்கள். வண்டியில் வரிக்குதிரைகளைப் பூட்டி பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஓட்டிப்போன ஆசாமி. பெரிய ஆமை ஒன்றின் மேல் தொப்பியும் கோட்டுமாக ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர். பின்னாளில், 1917-இல், பாலஸ்தீனம் குறித்து பிரிட்டிஷ் அரசு எழுதிய பால்ஃபர் கடிதம் இவர் பெயருக்குத்தான் வந்தது. இதே ஆள்தான்.

இந்த இரண்டு வால்டர்களும் சிநேகிதர்கள். சாதாரண சிநேகம் இல்லை. புல்லரின் இரண்டாவது பறவைச் சேகரிப்பை விலைகொடுத்து வாங்கியவர் ரோத்ஸ்சைல்டு. ஹுயியா என்று ஒரு பறவை. ஆணுக்கு ஓர் அலகு, பெண்ணுக்கு வேறு ஓர் அலகு. 1892-இல் அரசாங்கம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. பாதுகாப்பான தீவு ஒன்றில் கொண்டுபோய் விடுவதற்காக ஒரு ஜோடியை உயிரோடு பிடித்தார்கள். அந்த ஜோடி புல்லர் கைக்கு வந்தது. அவர் என்ன செய்தார்? கப்பலேற்றி இங்கிலாந்துக்கு, அருமை நண்பர் ரோத்ஸ்சைல்டுக்கு, அனுப்பிவைத்தார். கூடவே சிரிக்கும் ஆந்தைகளும் போயின. அந்த ஆந்தையும் ஹுயியாவும் இன்று உலகத்தில் இல்லை. இப்படி ஒருவருக்கொருவர் சீர் செய்துகொண்டிருந்த வீட்டில்தான் பூனை குறுக்கே போனது.

புல்லர் குருவியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். புது இனம்! உடனே விளக்கக் கட்டுரை எழுதி, பிரிட்டிஷ் பறவையியல் சங்கத்தின் ‘ஐபிஸ்’ இதழுக்கு அனுப்பினார். கூடவே குருவியையும் லண்டனுக்கு அனுப்பினார். பறவை ஓவியத்தில் அன்று பெரிய கை கூலமன்ஸ். அவர் வரைந்து கொடுத்தால் கட்டுரையோடு வண்ணப் படமாகப் போடலாம் என்று திட்டம். பெயரையும் யோசித்து வைத்துவிட்டார்: செனிக்கஸ் இன்சுலாரிஸ். இனி அச்சில் வரவேண்டியது மட்டும்தான் பாக்கி. தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, பெண் எங்கே போய்விடப் போகிறது என்கிற தெம்பில் வெலிங்டனில் உட்கார்ந்திருந்தார்.

பெண் ஓடியே போனது. ஓட்டிக்கொண்டு போனவர் ஹென்றி ட்ராவர்ஸ்.

ட்ராவர்ஸ் பறவை வியாபாரி. இயற்கை ஆர்வலர் என்றும் சொல்லலாம். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் விலைச்சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ட்ராவர்ஸ் ஊர் இரண்டு படும்வரைகூடக் காத்திருக்கவில்லை, தானே படவைத்தார். தீவில் புதுக் குருவி கிடைக்கிறது என்று மோப்பம் பிடித்து லயாலிடம் பேசி, ஒன்பது குருவிகளை வாங்கிவிட்டார். எல்லாம் பூனை உபயம். உள்ளூரில் புல்லரிடம் கொண்டுபோனால் நன்றியும் ஒரு கோப்பை டீயும் கிடைக்கும். ரோத்ஸ்சைல்டிடம் போனால் பவுன் கிடைக்கும். ஒன்பதும் கப்பலேறின.

1894 டிசம்பர். லண்டனில் பிரிட்டிஷ் பறவையியலாளர் கிளப்பின் கூட்டம். இந்தக் காட்சியை நான் கொஞ்சம் ரசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரோத்ஸ்சைல்டு தரப்பிலிருந்து ஓர் அறிவிப்பு: நியூசிலாந்தில் புதுக் குருவி, பெயர் ட்ராவர்சியா லயாலி. கொண்டுவந்து கொடுத்த வியாபாரிக்கு முன்பாதி, உரித்துக் கொடுத்த காவலருக்குப் பின்பாதி. கூட்டத்தில் ஸ்க்லேட்டர் இருக்கிறார். ‘ஐபிஸ்’ இதழின் ஆசிரியர். புல்லரின் கட்டுரை இவர் மேஜையில்தான் கிடக்கிறது. புல்லரின் குருவி அதே லண்டனில் ஓவியர் வீட்டில், படம் வரைவதற்காக உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்லேட்டர் சங்கடத்தோடு சொல்லிப் பார்த்தார்: இதே பறவையைப் பற்றி புல்லர் முன்னமே எழுதி அனுப்பிவிட்டார், அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாமே. ரோத்ஸ்சைல்டுக்காகப் பேசியவர், அவருடைய மியூசியத்தை நிர்வகித்த ஹார்ட்டர்ட் என்ற ஜெர்மானியர். அவர் அறிவிப்பைத் திரும்பப் பெறவில்லை. சிநேகம், தாட்சண்யம், ஹுயியா ஜோடி, ஆந்தை எதுவும் எடுபடவில்லை. அறிவிப்பு அந்த டிசம்பர் முடிவதற்குள்ளேயே அச்சில் வந்துவிட்டது. புல்லரின் கட்டுரை அழகான வண்ணப் படத்தோடு 1895 ஏப்ரலில் வந்தது.

உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரே சட்டம்: எவன் பெயர் முதலில் அச்சேறுகிறதோ அவன் பெயர்தான் நிற்கும். யார் முதலில் பார்த்தான், யார் முதலில் எழுதினான், யார் பூனை பிடித்தது என்பதெல்லாம் செல்லாது. வக்கீலான புல்லருக்கு இது தெரியாதா? தெரிந்ததால்தான் வயிறு எரிந்தது. கையில் இருந்த வழக்கு வாய்தாவில் போய்விட்டது. சொந்த நாட்டில், சொந்தத் துறையில், எங்கோ உலகத்தின் மறுகோடியில் வரிக்குதிரை ஓட்டிக்கொண்டிருக்கும் இருபத்தாறு வயதுப் பையன், அதுவும் தான் பறவை அனுப்பி வளர்த்துவிட்ட பையன், தன் பெயரை அடித்துக்கொண்டு போய்விட்டானே! மனக்கசப்பை அவர் மறைக்கவும் இல்லை, சுலபத்தில் மறக்கவும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வால்டர்களும் யார் பெயர் நிற்க வேண்டும் என்று மோதிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், குருவி நிற்குமா என்பது பற்றிப் பேச்சே இல்லை. தீவிலிருந்து வந்த செய்தியோ கவலைக்கிடமாக இருந்தது. 1895 பிப்ரவரி வாக்கிலேயே, பூனைகள் காட்டுப்பூனைகளாகிப் பறவைகளை எல்லாம் துவம்சம் செய்கின்றன என்று லயால் எழுதிவிட்டார். ‘பூனைகள்’ என்று பன்மையைப் பாருங்கள். சினையாக வந்தது சும்மா இருக்குமா? அது ஈன்றது, அந்தக் குட்டிகள் ஈன்றன. தீவு முழுக்க வம்சம் பெருகிவிட்டது. ட்ராவர்ஸ் இன்னும் சில குருவிகள் தேற்றலாம் என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. வியாபாரிக்கே சரக்கு கிடைக்கவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

அடுத்த மாதம், மார்ச் 1895-இல், கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பத்திரிகை ஒன்று விஷயத்தைப் போட்டு உடைத்தது: அந்தக் குருவி இனி தீவில் இல்லை என்றே தெரிகிறது, வேறெங்கும் இருப்பதாகவும் தகவல் இல்லை, ஓர் இனம் அழிந்த வேகத்தில் இது சாதனையாக இருக்கக்கூடும் என்று. புல்லரின் கட்டுரை அச்சில் வந்தது அதற்கும் அடுத்த மாதம். குழந்தைக்கு யார் பெயர் வைப்பது என்று தாய்மாமன்களுக்குள் அடிதடி. பஞ்சாயத்து முடிவதற்குள் கருமாதி வந்துவிட்டது.

ஒரே ஒரு பூனை ஓர் இனத்தையே தின்று தீர்த்தது என்று கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் பூனைக்குச் செய்கிற அநியாயம். ஒற்றைப் பூனை இல்லை, அதன் சந்ததி மொத்தமும் சேர்ந்து செய்த காரியம். அந்த 1895-க்குப் பிறகும் ஓரிரு குருவிகள் அங்கங்கே சேகரிப்பாளர் கையில் சேர்ந்திருக்கின்றன. அதைவிட முக்கியமாக, பூனையைக் கூட்டிவந்தது யார்? அது கொன்ற குருவிக்கு விலை வைத்தது யார்? தின்ன எடுத்துக்கொண்டு வந்த இரையை வாயிலிருந்து பிடுங்கி விற்றால், பூனை பசிக்கு இன்னொன்று பிடிக்காதா? ஒன்பது குருவி விலைபோன ஊரில் பூனையை யாரும் கட்டிப்போட்டதாகத் தகவல் இல்லை. தங்க முட்டையிடும் வாத்தை அறுத்தவன் கதை நமக்குத் தெரியும். இங்கே வாத்தும் பூனைதான், அறுத்ததும் பூனைதான். முட்டையை மட்டும் கனவான்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பெயர்ச் சண்டை அதோடு முடியவில்லை, பெயரிடும் அறிஞர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. பின்னால் வந்த ஆட்கள் குருவியை செனிக்கஸ் என்ற பழைய பேரினத்தில் சேர்த்தார்கள். அதனால் பல வருஷம் அது செனிக்கஸ் லயாலி என்று இருந்தது. முன்பாதி புல்லர் சொன்னது, பின்பாதி ரோத்ஸ்சைல்டு வைத்தது. செத்துப்போன ஒரு குருவியின் பெயரில் இரண்டு வால்டர்களுக்கும் சம்பந்தம் பண்ணிவைத்துவிட்டார்கள். இப்போது மறுபடி ட்ராவர்சியா லயாலிக்கே திரும்பிவிட்டது. வியாபாரி பெயர் இருக்கிறது, காவலர் பெயர் இருக்கிறது. பிடித்து வந்தவர் பெயர் எந்தப் பக்கமும் இல்லை.

தீவில் பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்வி வந்தபோது மணியை விட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார்கள். 1899-இல் புதிதாக வந்த காவலர் ஒருவர் பத்து மாதத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பூனைகளைச் சுட்டார். அப்படியும் தீரவில்லை. கடைசிப் பூனை ஒழிந்தது 1925-இல். குருவியை ஒழிக்கப் பூனைகளுக்கு ஓரிரு வருஷம் பிடித்தது. பூனையை ஒழிக்க மனிதருக்கு அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு. அந்தத் தீவில் இன்று டுவாட்டாரா என்ற ஊர்வன ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. பூனைகளையும் கனவான்களையும் தாக்குப்பிடித்த ஜீவன்கள்.

புல்லர் இங்கிலாந்துக்குக் குடிபோய் 1906-இல் காலமானார். அவருடைய மூன்றாவது சேகரிப்பு அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரோத்ஸ்சைல்டு மேலும் மேலும் சேர்த்தார். பறவைத் தோல்கள் மட்டுமே 2,80,000 அளவுக்கு வந்துவிட்டன. பிறகு 1930-களின் தொடக்கத்தில் ஒரு நாள் கிட்டத்தட்ட அத்தனையையும் நியூயார்க் மியூசியத்துக்குத் திடீரென்று விற்றார், பூனை பிடித்த குருவிகளில் சில உட்பட. பறவையியல் உலகமே வாயைப் பிளந்தது. காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. அவருடைய தம்பி மகள் மிரியம் பின்னால் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளிவந்தது: பழைய உறவு ஒன்றைச் சொல்லி ஒரு சீமாட்டி பல வருஷமாக அவரை மிரட்டிப் பணம் பறித்துக்கொண்டிருந்தாராம். சீமாட்டியின் பெயரை மிரியமும் சொல்லவில்லை. நாலு மாதம் பொறுக்கச் சொல்லி ஒரு நண்பருக்காகக் கேட்டபோது முடியாது என்றவர், பெயர் தெரியாத அந்த அம்மாளுக்காகக் குருவி, கூடு எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.